சார்பின் ஆட்சி: கண்டிச் சீமை தரும் ஒரு கணிதப் பாடம்

இணைந்த கணிதம் பயில வரும் மாணவர்க்கு முதலில் எதிர்ப்படும் கருத்துக்களுள் ஒன்று சார்பு. ஓர் எண்ணைக் கொடுத்தால், குறித்த ஒரு விதியின்படி, ஒரேயோர் எண்ணை விடையாகத் தருவது சார்பு எனப்படும். அவ்விதி எவ்வெண்களுக்குப் பொருள்படுகின்றதோ அவ்வெண்கள் யாவும் சேர்ந்து அச்சார்பின் 'ஆட்சி' ஆகும். தமிழகப் பாடநூல்கள் 'மதிப்பகம்' என்றும் 'சார்பகம்' என்றும் கூறுவதனையே இலங்கையின் தமிழ்மொழிக் கணித நூல்கள் இச்சொல்லாற் குறிக்கின்றன. விடைகள் யாவும் சேர்ந்தது 'வீச்சு'. வகுப்பிலே இச்சொற்கள் பெரும்பாலும் மனனம் செய்யப்பட்டு, பரீட்சைத் தாளில் எழுதப்பட்டு, பரீட்சை முடிந்ததும் மறக்கப்படுகின்றன. ஆயினும், இப்பாடத்தினுள்ளே நமது சமூக வரலாற்றைப் படிப்பதற்கு உதவும் கூர்மையான கேள்வி ஒன்று அடங்கியிருக்கின்றது. அதனைக் கண்டியையும் அதன் சுற்றுப்புறத்து மலைகளையும் முன்வைத்து இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலில் பாடத்தைப் பார்ப்போம். தெரியாக் கணியத்தை 'ய' என்று கொள்க. √(ய − 5) என்னும் சார்பு, ய ஐந்தாகவோ அதனிலும் பெரிதாகவோ இருக்கும்போது மாத்திரமே மெய்யெண் விடை தரும். √(4 − ய) என்பது, ய நான்காகவோ அதனிலும் சிறிதாகவோ இருக்கும்போது மாத்திரமே விடை தரும். தனித்தனியே நோக்கின் இரண்டும் குறைவற்ற சார்புகள். ஒவ்வொன்றின் ஆட்சியிலும் எண்ணற்ற எண்கள் உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்ப்போம். கூட்டிய சார்பு பொருள்பட வேண்டுமாயின், ய இரண்டு ஆட்சிகளிலும் ஒருங்கே இருத்தல் வேண்டும். ஐந்துக்குக் குறையாததும் நான்குக்கு மேற்படாததுமான எண் உலகில் இல்லை. ஆகவே, கூட்டுச் சார்பின் ஆட்சி வெறுமையாகின்றது. எந்த ஓர் எண்ணையும் பெயர் சொல்லி எவரும் விலக்கவில்லை. ஆயினும் எல்லா எண்களும் விலக்கப்பட்டுவிட்டன.

கழித்தலுக்கும் பெருக்கலுக்கும் விதி இதுவே. வகுத்தலுக்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு: கீழேயுள்ள சார்பு சுழியாகும் இடங்களையும் நீக்க வேண்டும். ஒரு சார்பின் விடையை இன்னொரு சார்புக்கு ஊட்டும்போது, அதாவது சார்பின் சார்பைக் காணும்போது, முன்னது தரும் விடை பின்னதன் ஆட்சிக்குள் விழுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். விழாவிடின், தொடர் அங்கேயே அறுந்துபோகும்.

இறுதியாக, மாணவர் பெரிதும் தவறும் இடம் ஒன்று உண்டு. (ய² − 4) ÷ (ய − 2) என்பதைச் சுருக்கினால் ய + 2 கிடைக்கும். சுருக்கிய கோவையில் இரண்டை இட்டால் நான்கு என்ற விடை தடையின்றி வரும். ஆனால், முதற் கோவையிலே இரண்டு என்ற எண்ணுக்கு இடமே இல்லை. அங்கு சுழியைச் சுழியால் வகுக்க நேரும். சுருக்கம் அத்தடையைக் கண்ணிலிருந்து மறைக்கின்றதேயன்றி நீக்குவதில்லை. அதனாலேயே, ஆட்சியைச் சுருக்குவதற்கு முன்னர்க் காண வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவர்.

இக்கேள்வியை மனிதர் கேட்கத் தொடங்கியது இன்று நேற்றன்று. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி. பி. 850 அளவில், 'கணிதசார சங்கிரகம்' இயற்றிய மகாவீரர், குறை எண் எதுவும் ஓர் எண்ணின் வர்க்கமாகாது. ஆதலால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று தெளிவாகக் கூறினார். வர்க்கமூலச் சார்பின் எல்லையை வரைந்த கூற்று அது. அதே அறிஞர், சுழியால் வகுத்தாலும் எண் மாறாதிருக்கும் என்று பிழையாகவும் எழுதினார். அவருக்கு முன்னர், 628 இல், பிரமகுப்தர் சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்றார். 1150 இல் பாஸ்கரர் சுழியாற் பெற்ற ஈவை எல்லையற்ற ஒன்றாகக் கருதினார். பேரறிவு படைத்த மூவரும் இடறிய இடம் ஒன்றே: விதி எங்கே செல்லாது என்பதை விதியே சொல்லாது.

ஐரோப்பாவிலும் இத்தெளிவு விரைவில் வரவில்லை. 1748 இல் ஆய்லர் சார்பினை ஒரு கணிதக் கோவையாகவே வரையறுத்தார். கோவை எதுவோ அதுவே சார்பு. 1829 இல் டிரிச்லே, விகிதமுறு எண்களுக்கு ஒரு விடையும் ஏனைய எண்களுக்கு வேறொரு விடையும் தரும் சார்பு ஒன்றை எடுத்துக்காட்டினார். அதன்பின், எழுதிய கோவையைக் காட்டிலும் எவ்வெண்ணுக்கு எவ்விடை என்ற தொடர்பே முதன்மை பெறலாயிற்று. விதியையும் அது செல்லுபடியாகும் ஆட்சியையும் சேர்த்துச் சொன்னாலன்றிச் சார்பு முழுமையாகாது என்ற இன்றைய கொள்கை அவ்வழியில் உருவானதே.

சட்டமும் ஒருவகைச் சார்பு. ஓர் ஆளை அதனிடம் கொடுத்தால், 'உரிமை உண்டு' அல்லது 'உரிமை இல்லை' என்ற விடையை அது தரும். சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது, கூட்டுச் சார்பின் ஆட்சிக்கு நேர்வதே உரிமைக்கும் நேரும். இதற்குக் கண்டிச் சீமையின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1820களில் கம்பளை, கன்னொறுவைப் பகுதிகளில் கோப்பிச் செய்கை தொடங்கியது. தென்னிந்தியக் கிராமங்களின் வறுமை அத்தோட்டங்களுக்குத் தொழிலாளரைத் தள்ளியது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்குக் கால்நடையாக வந்தோர் பலர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டோரும் பலர். 1867 இல் ஹேவாஹெட்டைப் பகுதியில் உள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வாணிகப் பயிராக நட்டார். கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. கோப்பி அழிந்தபின் தேயிலை மலைகளை மூடியது. கங்காணிகளின் கீழ் வந்த குடும்பங்கள் லயங்களிலே நிலைகொண்டன. 1940 இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் முதல் மாநாடு கம்பளையிலே கூடியது. 1947 பொதுத் தேர்தலில் நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளையும், வேறு சில தொகுதிகளிலிருந்து அவர்தம் தோழரும் பாராளுமன்றம் சென்றனர். 1952 தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் ஒருவர் கூடத் தெரிவாகவில்லை. ஐந்தாண்டுகளில் மக்கள் மறைந்துவிடவில்லை. மறைந்தது ஆட்சி, கணிதத்தார் கூறும் பொருளில்.

அது நடந்த முறையைப் படிப்படியாக நோக்குவோம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜை ஆக வேண்டுமாயின், அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். தான் இந்நாட்டிற் பிறந்தமை மாத்திரம் போதாது. இதனைக் கணித வடிவில் எழுதினால் சார்பின் சார்பு ஒன்று தோன்றும். முதற் சார்பு ஒருவரைக் கொடுத்தால் அவர் தந்தையைத் தரும். இரண்டாவது, தந்தையைக் கொடுத்தால் அவர் பிறந்த இடத்தைத் தரும். தந்தை இல்லாத மனிதர் இல்லை. பிறந்த இடம் இல்லாத தந்தையும் இல்லை. அவ்வாறாயின் இந்தக் கூட்டுச் சார்பின் ஆட்சி மக்கள் அனைவரையும் உள்ளடக்கியதன்றோ?

காகிதத்தில் அவ்வாறே. கச்சேரியிலோ இரண்டாவது சார்பு வேறு. அங்கு கேட்கப்பட்டது தந்தையின் பிறந்த இடம் அன்று, அதற்குரிய சான்றிதழ். லயங்களிற் பிறந்த குழந்தைகளின் பிறப்புக்களில் எத்தனையோ பதிவாகாமற் போயின. சான்றிதழ் இல்லாத தந்தையின் மகன், தான் அதே மலையிற் பிறந்து அதே மலையில் உழைத்து முதிர்ந்தவனாயினும், ஆட்சிக்கு வெளியே நின்றான். பழந்தமிழ் வழக்காடு மரபு ஓர் உரிமையை நிலைநாட்ட மூவகைச் சான்றுகளை ஏற்றது: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. நெடுங்காலம் அனுபவித்து வந்தமையும் சான்று, ஏடும் சான்று, கண்டறிந்தோர் கூற்றும் சான்று. இச்சட்டத்தின் நடைமுறை ஆவணம் ஒன்றனையே பெரிதாகக் கொண்டது. மூன்று தலைமுறை உழைப்பாகிய ஆட்சியும், அயற் கிராமத்தாரின் காட்சியும் எடைபோடப்படவில்லை.

நவம்பர் 15 க்குப் பின் பிறந்தோருக்கு விதி இன்னும் இறுக்கமானது. தந்தை பிரஜையாயின் பிள்ளையும் பிரஜை. இங்கு சார்பு தன்னையே மீள அழைக்கின்றது. மகனுக்கு விடை காணத் தந்தைக்கு விடை வேண்டும். பேரனுக்கு மகனின் விடை வேண்டும். தந்தையின் இடத்தில் விழுந்த வெற்றிடம் மகனுக்கும் பேரனுக்கும் தானாகவே இறங்கிச் செல்லும். தடையொன்றைப் பரம்பரைச் சொத்தாக்க இதனினும் எளிய வழி இல்லை.

அடுத்த படி, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். முதற் சட்டத்தால் வெளியே நிறுத்தப்பட்டோருக்கு இஃது ஒரு வாயில் என்று கூறப்பட்டது. வாயிலின் நிபந்தனைகளைக் காண்க: 1946 சனவரி முதலாம் நாளுக்கு முன்னர், மணமானவராயின் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடையறாது வசித்திருத்தல், அதன்பின்னும் விண்ணப்பிக்கும் வரை தொடர்ந்து வசித்தல், மனைவியும் வயது வராத பிள்ளைகளும் உடன் வசித்திருத்தல், நிச்சயமான வருமானம், இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 1951 ஆகஸ்டு 5 க்குள், விண்ணப்பித்தல். ஒவ்வொரு நிபந்தனையையும் தனியே எடுத்துப் பார்க்கும் நியாயவான், இதில் என்ன தவறு என்று கேட்கலாம். நிபந்தனைகளோ தனித்தனியே செயற்படுவன அல்ல. ஒவ்வொன்றும் எஞ்சியோரிற் சிலரை நீக்கும். இறுதியில் நிற்போர், எல்லாவற்றிற்கும் பொதுவான பகுதியில் இருப்போரே. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு.

மூன்றாவது படி, 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜைக்கே வாக்கு என்றது அது. கேட்பதற்கு இயல்பான விதி. ஆனால், வாக்குரிமைச் சார்புக்கு இனி ஊட்டப்படுவது பிரஜாவுரிமைச் சார்பின் விடை. முன்னதற்கு விடை இல்லாதோர் பின்னதற்கு முன் சென்று நிற்கவும் இயலாது. 1947 இல் வாக்களித்த கை, 1952 இல் வெறுங்கையாயிற்று.

இவ்வடுக்கு நீதிமன்றத்திற்கும் சென்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்க்கு மாத்திரம் தடையோ குறைபாடோ விதிக்கும் சட்டம் இயற்றலாகாது என்று கூறியது. கண்டிக்கு மேற்கே அடுத்துள்ள கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பில் பெயர் கோரிய கோடகன் பிள்ளையின் விண்ணப்பத்தை ஆராய்ந்த அலுவலர், இச்சட்டங்கள் அப்பிரிவுக்கு முரணானவை என்று முடிவு செய்தார். 1951 இல் உயர்நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளியது. சட்டத்தின் சொற்கள் தெளிவானவை. அவற்றில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது அதன் நோக்கு. 1953 இல் இலண்டனில் பிரிவிக் கவுன்சிலும், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை. இவை குடியுரிமை பற்றிய சட்டங்களே என்று கூறி மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

நீதிபதிகளின் நேர்மையை ஐயுறுவது நமது நோக்கமன்று. அவர்கள் வாசித்தது கோவையை. கோவையில் எவர் பெயரும் இல்லை என்பது உண்மை. √(ய − 5), √(4 − ய) என்னும் கோவைகளிலும் எந்த எண்ணின்மீதும் பகைமை இல்லை. விலக்கு வாழ்வது சேர்க்கையிலே. சொற்களை மட்டும் வாசிப்போர்க்கு அது புலப்படாது. ஆட்சியைக் கணித்துப் பார்ப்போர்க்கே புலப்படும்.

உரிமையில் நடந்தது கல்வியிலும் நடந்தது. 1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஆசியாவில் நாம் பெருமையோடு குறிப்பிடத்தக்க சாதனை அது. 1952 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனையிற் குடியேறியது. ஹந்தானை மலையடிவாரத்தில், மகாவலியின் கரையில், அதன் மண்டபங்கள் எழுந்தன. அம்மலையின் சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. கொழுந்து கிள்ளும் தாயின் பிள்ளைக்கும் அம்மண்டபங்களுக்கும் இடையே உள்ள தூரம், கால்நடையாகக் கடக்கக்கூடிய தூரம்.

கல்வி என்பதோ ஒரு தொடர். தொடக்கப் பாடசாலையின் வீச்சு இடைநிலைப் பாடசாலையின் ஆட்சிக்குள் விழ வேண்டும். அதன் வீச்சு உயர்தர வகுப்பின் ஆட்சிக்குள் விழ வேண்டும். அதன் வீச்சே பல்கலைக்கழகத்தின் வாயிலை எட்டும். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொதுத் திட்டத்துக்குப் புறம்பே, தோட்ட நிருவாகங்களின் கையில் விடப்பட்டிருந்தன. பெரும்பாலானவை ஓராசிரியர் பாடசாலைகள். ஐந்தாம் வகுப்புக்கு மேற் செல்லாதவை. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் இவை வெளியே நின்றன. 1970களிலேயே அரசின் கைக்கு வந்தன. பல்கலைக்கழகச் சட்டத்தில் தோட்டப் பிள்ளைக்கு இடமில்லை என்று எவரும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஐந்தாம் வகுப்போடு முடியும் வீச்சு, ஆறாம் வகுப்பின் வாயிலிலேயே அறுந்துவிடுகின்றது. 'அனைவருக்கும் இலவசம்' என்ற வாசகம் உண்மை. அந்த 'அனைவர்' யார் என்பது கணிக்கப்படாத உண்மை.

1964 அக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டனர். நாடற்றோர் 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கொள்ளப்பட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பின்னர்த் தீர்மானிக்கப்படும் எனப் பிரிக்கப்பட்டது. 1974 இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. கணக்கு ஒரு பிழையுமின்றிக் கூட்டுகின்றது. கூட்டப்பட்டோரிடம் மாத்திரம் எவரும் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறிய குடும்பங்களுள் ஒரு பகுதி, 1968 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து கிள்ளியது.

1988 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டமும், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கின. வரவேற்க வேண்டிய சட்டங்கள். நெடிய போராட்டத்தின் பயன்கள். இங்கு கணிதம் ஒரு நுட்பமான பாடத்தைத் தருகின்றது. (ய² − 4) ÷ (ய − 2) என்னும் சார்பில் இரண்டு என்ற இடத்தில் உள்ள வெற்றிடம், சுருக்குவதனால் நிரம்பாது. 'இவ்விடத்தில் விடை நான்கு' என்று தனியே வரைவிலக்கணம் கூறினால் நிரம்பும். அதாவது, வெற்றிடம் ஒன்று உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அதனை நிரப்பும் செயலையும் வேண்டுமென்றே செய்தல் வேண்டும். 1988 உம் 2003 உம் அத்தகைய செயல்கள். காலம் தானாகவே எதனையும் நிரப்பிவிடவில்லை.

நிரப்ப முடியாத இடங்களும் கணிதத்தில் உண்டு. 1 ÷ ய என்பதற்குச் சுழியில் எந்த எண்ணை விடையாக இட்டாலும் அச்சார்பு இடைமுறிவின்றித் தொடராது. கடல் கடந்து பிரிக்கப்பட்ட உறவுகளும், ஐந்தாம் வகுப்போடு நின்ற தலைமுறைகளும் அத்தகையன. இன்று 'இலங்கையர் யாவரும் சமம்' என்ற சுருக்கிய கோவையை மட்டும் கையில் வைத்திருப்போர்க்கு, மலையகத்தில் காணியும் முகவரியும் இன்னும் கோரிக்கைகளாக இருப்பது ஏன் என்று விளங்காது. தமிழ்மொழியில் உயர்தரக் கணிதம் கற்பிக்க ஆசிரியர் போதாமை மலையகத்தில் நெடுங்காலக் குறையாக இருப்பதும் விளங்காது. சுருக்குவதற்கு முன்னிருந்த கோவையை எழுதிப் பார்த்தாலன்றி அக்காரணங்கள் புலப்படமாட்டா.

கணிதம் அரசியலை நிரூபித்துவிடும் என்று நாம் கூறவில்லை. மனிதர் எண்களல்லர், எண்ணுக்கு விலக்கப்பட்டதால் வலியில்லை. ஆனால், விதி ஒன்றைக் கண்டதும், 'இது யாருக்குப் பொருந்தும்? வேறு விதிகளோடு சேரும்போது எஞ்சி நிற்பவர் யார்? இதனைச் சுருக்கியபோது மறைந்த நிபந்தனை எது?' என்று கேட்கும் பழக்கத்தைக் கணிதம் தரவல்லது. அப்பழக்கத்தைப் புள்ளி பெறுவதற்கான தந்திரமாகக் குறுக்கிவிடுவதும், சிந்தனையின் ஒழுக்கமாக வளர்ப்பதும் ஆசிரியர் கையிலுள்ளன. கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பாடசாலைகளில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர்கள், வகுப்பிலுள்ள பிள்ளைகளுட் பலரின் பாட்டனும் பாட்டியும் இந்த ஆட்சிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் என்பதை அறிவார்கள். இரண்டு சார்புகளைக் கூட்டி எழுதும் வேளையில், விடை காணுமுன் ஆட்சியைக் காணுங்கள் என்று அவர்கள் சொல்லும்போது, அதற்குரிய காரணத்தையும் சேர்த்துச் சொல்வார்களாக. அக்காரணம் பாடநூலில் இல்லாவிடினும், அவ்வூர் மலைகளில் உண்டு.